ஒரு நீர் மூலக்கூறை வைப்பதா, எடுப்பதா: எச்ஐவி புரோட்டியேஸில் மருந்து வடிவமைத்துப் பார்த்த அனுபவம்

எச்ஐவி புரோட்டியேஸ் என்னும் நொதிக்குள் பொருந்தக்கூடிய ஒரு மூலக்கூறை வீட்டுக் கணினியில் வடிவமைத்துப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்திருக்கிறது. புதிய மருந்து எதுவும் கையில் இல்லை. கடைசி வரை தாக்குப்பிடித்த மாதிரியின் அடிப்படைக் கருத்தை வேறொரு குழு 1998-லேயே செய்து, சோதித்து, வெளியிட்டும் விட்டது. இருந்தாலும், எந்தக் கட்டத்தில் எது விடையை மாற்றியது என்பதை வரிசையாக எழுதி வைத்தால் இதே வழியில் இறங்குபவர்களுக்கு உதவும் என்பதால் இந்தப் பதிவு.

இந்த நொதியைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் எளிமையே காரணம். தலா 99 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் சேர்ந்தால் முழு நொதி ஆகிறது. அவை சந்திக்கும் நடுப்பகுதியில் நீளமான ஒரு குழிவு இருக்கிறது. அதன் அடியில் சங்கிலிக்கு ஒன்றாக, 25ஆம் இடத்து ஆஸ்பார்டிக் அமிலங்கள் இரண்டு. மேலே மூடிக்கொள்ளும் மடல்கள் இரண்டு. வைரஸின் நீண்ட புரதத்தை உரிய துண்டுகளாக வெட்டுவது இதன் வேலை. அந்த வேலை நின்றுபோனால் வெளிவரும் வைரஸ்கள் முதிர்ச்சியடையாமல், தொற்றும் திறனின்றிப் போகின்றன. இதைத் தடுக்கும் மருந்துகள் 1990களின் நடுப்பகுதியிலிருந்து புழக்கத்தில் உள்ளன. மருந்தோடு சேர்த்துக் கண்ட படிகக் கட்டமைப்புகளும் நூற்றுக்கணக்கில் கிடைக்கின்றன. கணினி சொல்வது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க விடை கைவசம் இருக்கிறது என்பது பெரிய வசதி. புதிதாகப் பழகுபவர் விடை தெரியாத நொதியில் கை வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கருவிகளைப் பொறுத்தவரை, எட்டுக் கோர் கொண்ட பழைய மேசைக் கணினியும் 32 ஜிபி நினைவகமும் ஏற்கெனவே இருந்தன. 12 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 3060 ஜிபியு (வரைகலை) கார்டு ஒன்றைப் பழையதாக, இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து வாங்கினேன். செலவு என்று சொல்லத்தக்கது அது மட்டுமே. டாக்கிங்குக்கு, அதாவது மருந்து குழிவுக்குள் எப்படி அமரும் என்று கணித்து மதிப்பெண் இடுவதற்கு, ஆட்டோடாக் வீனா; மூலக்கூறுகளைக் கையாள ஆர்டிகிட்; வீனாவுக்கான கோப்புகளைத் தயாரிக்க மீகோ; மூலக்கூறு இயக்கக் கணக்கீட்டுக்கு, அதாவது அணுக்களின் அசைவை நேரப்போக்கில் கணக்கிட, ஓப்பன்எம்எம். இந்த மென்பொருள்கள் அனைத்தும் இலவசம். காட்சிக்குப் பயன்படுத்திய பைமாலுக்கும் திறமூலப் பதிப்பு உண்டு. டாக்கிங்குக்கு ஜிபியு தேவையே இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்; கடைசிக் கட்டத்து மூலக்கூறு இயக்கக் கணக்கீட்டுக்குத்தான் அது வேண்டியிருந்தது.

முதல் வேலையாக, புரதக் கட்டமைப்புகளைச் சேமித்து வைக்கும் பிடிபி தரவு வங்கியிலிருந்து 1எச்எஸ்ஜி என்ற கோப்பை இறக்கினேன். இண்டினாவிர் என்ற மருந்து நொதிக்குள் அமர்ந்திருக்கும் நிலையில், எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் 2.0 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) துல்லியத்தில் கண்டு, 1994-இல் வெளியிடப்பட்ட கட்டமைப்பு அது. அந்த மருந்து 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கோப்பைத் திறந்தால் ஏ, பி என்ற இரு சங்கிலிகளும், நடுவே எம்கே1 என்ற குறியீட்டுடன் மருந்தும், சுற்றிலும் சிவப்புப் புள்ளிகளாக நீர் மூலக்கூறுகளின் ஆக்சிஜன்களும் தெரிகின்றன. இந்தத் துல்லியத்தில் ஹைட்ரஜன்கள் தெரிவதில்லை. மருந்தின் எந்தப் பிணைப்பு ஒற்றை, எது இரட்டை என்பதையும் பிடிபி வடிவக் கோப்பிலுள்ள அணு ஆயங்கள் சொல்வதில்லை. ஆகவே இண்டினாவிரின் சரியான வாய்பாட்டை வார்ப்பாக வைத்து, ஆர்டிகிட் வழியாகப் பிணைப்புகளை ஒதுக்கிய பிறகே ஹைட்ரஜன் சேர்க்க வேண்டும். இதைத் தாண்டிக்கொண்டு, அணுக்களின் இடைவெளியைப் பார்த்து மென்பொருளையே ஊகிக்கவிட்டபோது பிரிடின் வளையம் அரோமேட்டிக் தன்மையை இழந்து கோணலாக வந்தது. திரையில் உற்றுப் பார்த்திருக்காவிட்டால் அது அப்படியே டாக்கிங் வரை போயிருக்கும்.

புரதத்தின் தரத்தைப் பார்க்க, அதன் முதுகெலும்பின் (சங்கிலியின் மையத் தொடரின்) திருப்பக் கோணங்களைக் காட்டும் ராமச்சந்திரன் வரைபடம் போதும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் 1963-இல் வெளியிட்ட அந்த முறைதான் இன்றும் எல்லாக் கட்டமைப்புகளுக்கும் முதல் சோதனை. மடல்களின் நுனியில் 48, 49, 51, 52 ஆகிய இடங்கள் கிளைசின்கள்; பக்கச் சங்கிலி இல்லாத அவை வரைபடத்தில் மற்ற அமிலங்களுக்கு ஒவ்வாத இடங்களில் விழுந்தாலும் கவலைப்பட ஒன்றுமில்லை.

அடுத்து புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி. குழிவின் அடியிலுள்ள இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களும் மிக நெருக்கமாக இருப்பதால், இண்டினாவிர் போன்ற மருந்துகளோடு சேரும்போது இரண்டில் ஒன்றின் மீது ஒரு புரோட்டான் இருப்பதாகக் கொள்வதே வழக்கம். தானாக ஹைட்ரஜன் சேர்க்கும் நிரல்கள் இரண்டையுமே புரோட்டான் இல்லாத எதிர்மின் நிலையில் விட்டுவிடுகின்றன. இந்த வேறுபாடு மதிப்பெண்ணைப் புரட்டிப் போடும் என்று எதிர்பார்த்து இரண்டு விதமாகவும் ஓட்டினேன். வீனாவின் எண் ஏறத்தாழ அசையவே இல்லை. வீனா நாம் கொடுக்கும் மின்சுமைகளைக் கணக்கில் கொள்வதில்லை. ஓர் அணு ஹைட்ரஜன் பிணைப்பைக் கொடுக்குமா, வாங்குமா என்று மட்டுமே பார்க்கிறது. மருந்தின் ஹைட்ராக்சில் இரண்டையும் செய்யவல்லது என்பதால் ஆஸ்பார்டிக் அமிலம் எந்த நிலையில் இருந்தாலும் பிணைப்பு கிடைத்ததாகவே அதன் கணக்கில் வரும். எனவே புரோட்டான் முக்கியமில்லை என்று குறித்துக்கொண்டு மேலே போனேன். அந்தக் குறிப்பு பின்னால் என் நேரத்தை நிறையத் தின்றது.

மருந்தை வெளியே எடுத்து, அதே குழிவுக்குள் திரும்பப் பொருத்திப் பார்ப்பது மறுடாக்கிங். இது தேறாத அமைப்பில் வேறெதையும் செய்து பயனில்லை. தேடும் பெட்டியின் மையத்தை எக்ஸ் 16, ஒய் 25, இசட் 4 என்று வைத்தேன். பக்கத்துக்கு 30 ஆங்ஸ்ட்ராம் என்று தொடங்கினால் கன அளவு சரியாக 27,000 கன ஆங்ஸ்ட்ராம் ஆகிறது. அதற்கு மேல் போனால் வீனாவே எச்சரிக்கை தருகிறது. 24 ஆகக் குறைத்ததும் கன அளவு ஏறக்குறையப் பாதியாகி, விடைகளும் ஓட்டத்துக்கு ஓட்டம் நிலையாக வந்தன. தேடலின் ஆழத்துக்கு இயல்பாக உள்ள 8 என்ற மதிப்பு இண்டினாவிருக்குப் போதவில்லை. சுழலக்கூடிய பிணைப்புகள் பத்தைத் தாண்டும் மூலக்கூறு இது. 32 வைத்த பிறகே ஒரே அமைவு மீண்டும் மீண்டும் முதலிடத்தில் வந்தது.

விடைப் பட்டியலில் வீனா இரண்டு ஆர்எம்எஸ்டி (இரு அமைவுகளின் அணுக்களுக்கு இடையிலான சராசரி விலகல்) எண்களைத் தருகிறது. படிகத்தில் கண்ட அமைவிலிருந்து உள்ள விலகலாக அவற்றைப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். அவை முதலிடத்து அமைவிலிருந்து மற்ற அமைவுகள் விலகும் அளவு. அதனால்தான் முதல் வரியில் எப்போதும் பூச்சியம். படிகத்தோடு ஒப்பிடும் வேலையை நாம்தான் தனியாகச் செய்ய வேண்டும். அதிலும் ஆர்டிகிட்டின் கெட்பெஸ்ட்ஆர்எம்எஸ் என்ற கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது. அது இரண்டு மூலக்கூறுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்திய பிறகு அளக்கிறது என்பதால், குழிவுக்கு வெளியே கிடக்கும் மூலக்கூறுக்குக்கூட நல்ல எண் வந்துவிடும். இருந்த இடத்திலேயே அளக்கும் கால்க்ஆர்எம்எஸ் கட்டளைதான் சரி. அப்படி அளந்தபோது முதலிடத்து அமைவு ஓர் ஆங்ஸ்ட்ராமுக்கும் குறைவான விலகலில் வந்தது. 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் இருந்தாலே ஏற்றுக்கொள்வது இத்துறையின் வழக்கம்.

இரண்டாம், மூன்றாம் இடங்களில் வந்த சில அமைவுகளின் விலகல் 10 ஆங்ஸ்ட்ராமைத் தாண்டியது. எண்ணைப் பார்த்துக் கழித்துவிடத் தோன்றும். திரையில் பார்த்தால், மருந்து தலைகீழாக, ஒரு சங்கிலியின் பக்கம் இருக்க வேண்டிய முனை மற்றச் சங்கிலியின் பக்கம் இருக்கும்படி அமர்ந்திருந்தது. நொதியின் இரண்டு பாதிகளும் ஒன்றே என்பதால் 180 பாகை திருப்பிப் போட்ட அமைவும் வேதியியல் கணக்கில் சரியானதே. சங்கிலிப் பெயர்களை மாற்றிப் போட்டு நொதியைத் தன் மேலேயே பொருத்தி மறுபடி அளக்கும் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொண்டேன். இரட்டைச் சங்கிலி நொதிகளில் வேலை செய்பவர்கள் எல்லோருக்கும் இது தேவைப்படும்.

இனி நீர். பெரும்பாலான செய்முறைக் குறிப்புகள் 'நீர் மூலக்கூறுகளை நீக்குக' என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிடும். 1எச்எஸ்ஜி கோப்பில் 308 என்ற எண்ணுள்ள நீரை அருகில் சென்று பார்த்தால் அந்த வரியின் ஆபத்து புரியும். இரண்டு மடல்களின் 50ஆம் இடத்து ஐசோலூசின்களின் முதுகெலும்பு என்எச் தொகுதிகள் மேலிருந்து அதற்கு ஹைட்ரஜன் பிணைப்பைத் தருகின்றன. அது கீழே இண்டினாவிரின் இரண்டு கார்போனைல் ஆக்சிஜன்களுக்கு இரண்டு பிணைப்புகளைத் தருகிறது. நான்கு பிணைப்புகளும் 3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டிய நீளத்தில், ஏறத்தாழ நான்முகி வடிவில் அமைகின்றன. இவ்வளவு இறுக்கமாகப் பிடிபட்ட நீர் கரைப்பானின் பகுதி அன்று. அது நொதியின் ஓர் உறுப்பு. இந்த ஒரு நீரை வைத்துக்கொண்டு மற்றவற்றை எல்லாம் நீக்கினேன். இண்டினாவிரின் மதிப்பெண் சற்று மேம்பட்டது, அமைவு மாறவில்லை.

இதே நீரைத்தான் டூபான்ட் மெர்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இலக்காகக் கொண்டார்கள். அந்த நீரின் ஆக்சிஜன் இருக்கும் இடத்தில் மருந்தின் ஆக்சிஜனையே வைத்துவிட்டால், நீர் வெளியேறுவதால் என்ட்ரோபி (ஒழுங்கின்மை) ஆதாயம் உண்டு. மனித உடலின் ஆஸ்பார்டிக் புரோட்டியேஸ்களில் இந்த நீர் இல்லை என்பதால் தேர்வுத் திறனும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. 1994-இல் அவர்கள் வெளியிட்ட வளைய யூரியாக்களில் ஏழு அணு வளையத்தின் கார்போனைல் ஆக்சிஜன் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. எதிர்ப்பக்கத்து இரண்டு ஹைட்ராக்சில்கள் ஆஸ்பார்டிக் அமிலங்களைப் பார்க்கின்றன. கணினியில் கட்டமைப்பைப் பார்த்து யோசித்துச் செய்த வடிவமைப்புகளில் இதைவிட அழகான ஒன்றை நான் கண்டதில்லை.

அந்த வரிசையிலுள்ள எக்ஸ்கே263 என்ற மூலக்கூறின் படிகக் கட்டமைப்பு 1எச்விஆர் கோப்பில் உள்ளது. அதை 1எச்எஸ்ஜி மேல் முதுகெலும்பின் சி ஆல்ஃபா அணுக்களைக் கொண்டு பொருத்தி ஒப்பீட்டு அமைவாக வைத்துக்கொண்டு, மூலக்கூறை இண்டினாவிரின் நொதிக்குள் டாக் செய்தேன். நீர் 308 உள்ளே இருந்தபோது ஒரு விடைகூடத் தேறவில்லை. வளையம் கீழே தள்ளப்பட்டுச் சாய்ந்து கிடந்தது. நீரை எடுத்த பிறகு வளையம் சரியான இடத்துக்கு வந்தாலும், அதிலிருந்து நீளும் கைகள் நான்கும் குழிவின் தவறான பைகளுக்குள் போயின. இதற்கு விடை காண நீண்ட நேரம் பிடித்தது. பெட்டியின் அளவு, தேடலின் ஆழம் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்த பிறகுதான் வளையத்தின் வடிவத்தைக் கவனித்தேன். வீனா ஒற்றைப் பிணைப்புகளைச் சுழற்றிப் பார்க்குமே தவிர வளையத்தின் மடிப்பை மாற்றாது. நாம் எந்த மடிப்பில் கொடுக்கிறோமோ அதே மடிப்பில்தான் கடைசிவரை இருக்கும். படிகத்தில் இரண்டு பென்சைல் தொகுதிகளும் வளையத்துக்கு ஏறத்தாழச் செங்குத்தாகவும், ஹைட்ராக்சில்கள் வளையத்தின் தளத்தை ஒட்டியும் உள்ளன. ஆர்டிகிட் முதலில் உருவாக்கித் தந்த வடிவத்தில் இது நேர்மாறாக இருந்தது. பல வடிவங்களை உருவாக்கி, வளையத்தின் மடிப்பு வாரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக டாக் செய்தபோது சரியான மடிப்பு முதல் ஓட்டத்திலேயே 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் வந்து அமர்ந்தது. நான்கு கைரல் (இடம், வலம் என இரு அமைப்புகள் சாத்தியமான) மையங்களில் ஒன்றைத் தவறாக எழுதினாலும் இதே குழப்பம் நேரும் என்பதால், வாய்பாட்டைப் படிகக் கோப்போடு சரிபார்ப்பது அவசியம்.

மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம் என்பதை அறிய, டாக்கிங்கைச் சோதிப்பதற்கென உள்ள டட்-இ தொகுப்பிலிருந்து இந்த நொதிக்கான உண்மையான தடுப்பான்களில் ஒரு பகுதியையும், எடையிலும் பண்பிலும் அவற்றை ஒத்த போலி மூலக்கூறுகளையும் கலந்து ஓட்டினேன். உண்மையானவை போலிகளுக்கு மேல் வருகின்றனவா என்று காட்டும் வளைவின் கீழுள்ள பரப்பு 0.5 என்றால் திருவுளச்சீட்டுப் போட்டுப் பார்ப்பதற்குச் சமம்; எனக்குக் கிடைத்தது 0.6-ஐ ஒட்டியே இருந்தது. வீனாவை உருவாக்கிய டிராட்டும் ஓல்சனும் 2010-இல் வெளியான கட்டுரையில் தங்கள் கணிப்பின் திட்டப்பிழை 2.85 கிலோகலோரி என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அறை வெப்பநிலையில் 1.36 கிலோகலோரி என்பது பிணைப்பு வலிமையில் பத்து மடங்கு வேறுபாடு, ஆகவே 2.85 என்பது நூறு மடங்குக்கும் மேல். (வீனாவில் எண் எவ்வளவு எதிர்மறையோ அவ்வளவு வலிமையான பிணைப்பு.) -10.4 பெற்ற மூலக்கூறு -10.1 பெற்றதைவிட நல்லது என்று சொல்லும் கட்டுரைகளைப் படிக்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்கு இந்தக் கணக்கே காரணம்.

வடிவமைப்புப் பகுதியில், வளையத்தையும் பென்சைல்களையும் தொடாமல், இரண்டு நைட்ரஜன்களிலும் உள்ள நாப்தைல் கைகளை மட்டும் மாற்றினேன். விலைக்குக் கிடைக்கும் பென்சைல் வகை ஹாலைடுகளிலிருந்து கைகளின் பட்டியலை எடுத்ததால், வரும் மூலக்கூறுகள் எல்லாம் ஆய்வகத்தில் செய்யத்தக்கவையாகவே இருக்கும். கணினி இரவு முழுவதும் ஓடி முடித்ததும் பட்டியலின் உச்சியில் இருந்தவை அனைத்தும் பெரிய, கொழுப்புத் தன்மை மிக்க தொகுதிகள். அணுக்கள் கூடினால் மதிப்பெண்ணும் கூடும் என்பது வீனாவின் இயல்பு. எக்ஸ்கே263 ஏற்கெனவே 607 டால்டன் எடையுள்ளது. இதே குடும்பத்தின் டிஎம்பி 323 நொதியைக் கச்சிதமாகத் தடுத்தும், வாய்வழிக் கொடுத்தால் இரத்தத்தில் சீராகச் சேராததால் மருந்தாகத் தேறவில்லை. அதன் மேல் இன்னும் கொழுப்பைச் சேர்ப்பதில் பொருளில்லை.

எனவே மதிப்பெண்ணை ஒதுக்கிவிட்டு வேறொரு வடிகட்டி வைத்தேன். 29, 30 ஆகிய இடங்களின் முதுகெலும்பு அணுக்களிலிருந்து 3.3 ஆங்ஸ்ட்ராமுக்குள் மருந்தின் நைட்ரஜனோ ஆக்சிஜனோ வருகிறதா என்பதே அது. வைரஸ் தன் பக்கச் சங்கிலிகளை மாற்றிக்கொண்டு மருந்திலிருந்து தப்பலாம். முதுகெலும்பை மாற்றுவது எளிதன்று. பர்டூ பல்கலைக்கழகத்தின் அருண் கோஷ் வலியுறுத்திய இந்த உத்தி, 2006-இல் அனுமதி பெற்ற டாருனாவிரில் பலித்திருக்கிறது. வடிகட்டியைத் தாண்டியவை ஒரு கைப்பிடிதான். அவற்றில் அமைடுகளும், பிரிடின்களும், அமினோ இண்டசோல் ஒன்றும் இருந்தன.

இவற்றை நீருக்குள் வைத்து மூலக்கூறு இயக்கக் கணக்கீட்டுக்கு அனுப்பினேன். நொதியும் நீரும் சேர்ந்து சில பத்தாயிரம் அணுக்கள். கார்டு ஒரு நாளில் நூறு நானோசெகண்டுக்கு மேல் கணக்கிட்டது. கார்டின் உச்ச மின்நுகர்வு 170 வாட். முழுக் கணினியும் சேர்ந்து 250 வாட் என்று கொண்டால் நாளுக்கு 6 யூனிட் மின்சாரம். கோடையில் அறையின் வெப்பம்தான் உண்மையான செலவு.

முதல் சுற்றில் எல்லா மூலக்கூறுகளும், படிகத்தில் உறுதியாக இருக்கும் எக்ஸ்கே263 உட்பட, குழிவின் அடியிலிருந்து விலகத் தொடங்கின. தெரிந்த விடையே தவறாக வருகிறது என்றால் அமைப்பில்தான் கோளாறு. வீனாவுக்காகத் தயாரித்த, இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களிலும் புரோட்டான் இல்லாத கோப்பையே இங்கும் கொடுத்திருந்தேன். மின்சுமைகளை முழுமையாகக் கணக்கிடும் இந்த முறையில் இரண்டு எதிர்மின்சுமைகளும் ஒன்றையொன்று தள்ளி, ஹைட்ராக்சில்களின் பிடியைக் குலைத்தன. வளைய யூரியா உள்ளே இருக்கும்போது இரண்டு ஆஸ்பார்டிக் அமிலங்களுமே புரோட்டானோடு இருப்பதை 1994-இல் என்எம்ஆர் (அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு) முறையில் காட்டியிருக்கிறார்கள். இண்டினாவிருக்கு வழக்கமாகக் கொள்ளும் நிலையும் இதுவும் ஒன்றல்ல. இரண்டுக்கும் புரோட்டான் கொடுத்ததும் எக்ஸ்கே263 அசையாமல் நின்றது. யூரியாவின் ஆக்சிஜன் இரண்டு மடல்களையும் கடைசி வரை பிடித்திருந்தது.

திருத்திய அமைப்பில் அமைடுகளின் கைகள் நீரை நோக்கித் திரும்பிப் போயின. டாக்கிங்கில் அழகாகத் தெரிந்த பிணைப்புகள், நிஜமாக நீர் சூழ்ந்ததும் அதனோடு போட்டியிட முடியாமல் உடைந்தன. அமினோ இண்டசோல் மட்டும், அணுக்களுக்கு எந்தத் தொடக்க வேகம் கொடுத்து ஓட்டினாலும், 30ஆம் இடத்தின் பிடியை விடவில்லை. மகிழ்ச்சியோடு ஆய்வுக் கட்டுரைகளைத் தேடியபோதுதான் 1998-இல் வெளியான டிஎம்பி 850, டிஎம்பி 851 ஆகியவை கண்ணில் பட்டன. அவையும் அமினோ இண்டசோல் கை கொண்ட வளைய யூரியாக்கள். இரு பக்கமும் ஒரே கையை வைத்த என் மாதிரியைப் போலன்றி, டூபான்ட் ஆய்வாளர்கள் ஒரு பக்கம் மட்டும் அந்தக் கையை வைத்து எடையைக் குறைத்திருந்தார்கள். சமச்சீரை உடைக்கலாம் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அடுத்த முறை, வெளியான மூலக்கூறுகளின் சோதனை முடிவுகளைத் தொகுத்திருக்கும் 'செம்பில்' (ChEMBL) தரவுத்தளத்தை முதல் நாளே துழாவுவேன். ஒரே ஒரு நொதிக் கோப்பை நம்பாமல், நீர் உள்ளது, இல்லாதது, 82ஆம் இடத்து வேலின் அலனினாகவும் 84ஆம் இடத்து ஐசோலூசின் வேலினாகவும் மாறிய எதிர்ப்புத் திறன் பெற்ற வடிவம் என்று குறைந்தது மூன்றில் ஓட்டுவேன். மூலக்கூறுகளை ஒன்றோடொன்று ஒப்பிட வீனாவின் எண்ணை விடுத்து, ஒன்றை மற்றொன்றாகப் படிப்படியாக மாற்றிக் கணக்கிடும் சார்பு ஆற்றல் முறையைப் பயன்படுத்துவேன். 12 ஜிபி கார்டுக்கு அது தாங்கும், நேரம்தான் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் கை மாறிய மூலக்கூறுகளின் பட்டியல் இப்போது தயாராகிக்கொண்டிருக்கிறது. எந்த நீரை வைத்தேன், எந்த ஆஸ்பார்டிக் அமிலத்தில் புரோட்டான் சேர்த்தேன், வளையம் எந்த மடிப்பில் இருக்கிறது என்ற மூன்றையும் இந்த முறை ஒவ்வொரு கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கிறேன்.